ஊதாத் தகைவிலான் கூட்டுச் சோதனை

ஊதாத் தகைவிலான் கூட்டுச் சோதனை என்பது, வட அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களில் ஊதாத் தகைவிலான் பறவைகளுக்காக வைக்கப்படும் பெட்டிகளையும் குடுக்கைகளையும் இனப்பெருக்கக் காலத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் கீழே இறக்கி, ஒவ்வோர் அறையிலும் உள்ள கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றைப் பார்த்துப் பதிவு செய்யும் முறையாகும். மனிதர் கை பட்டால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடும் என்ற அச்சத்தால் பலர் பெட்டியை ஏற்றி வைத்த பிறகு திறந்து பார்ப்பதே இல்லை. உண்மையில் இந்தப் பறவைக்குக் கை படுவதால் தீங்கு நேர்வதில்லை. தவறான நேரத்தில் திறப்பதும், குஞ்சுகள் பறக்கும் பருவத்தை நெருங்கிய பிறகு திறப்பதுமே தீங்கு தரும். ஆகவே பாதுகாப்பான சோதனை என்பது பெரும்பாலும் நாள்கணக்கைச் சரியாக வைத்திருப்பதைச் சார்ந்தது.

பறவையும் மனிதரும்

ஊதாத் தகைவிலான் (அறிவியல் பெயர்: புரோக்னே சூபிஸ், ஆங்கிலப் பெயர்: பர்ப்பிள் மார்ட்டின்) வட அமெரிக்காவில் வாழும் தகைவிலான்களில் மிகப் பெரியது. நீளம் ஏறத்தாழ 20 செ.மீ., எடை 50 முதல் 60 கிராம். குளிர்காலத்தில் தமிழகத்துக்கு வலசை வரும் தகைவிலான் குருவிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வளர்ந்த ஆண் பறவை உடல் முழுதும் பளபளக்கும் கருநீலமாக இருக்கும். பெண் பறவையின் வயிறும் மார்பும் சாம்பல் கலந்த வெளிர் நிறம். குளிர்காலத்தைப் பிரேசில் உள்ளிட்ட தென் அமெரிக்க நாடுகளில் கழித்துவிட்டு, வசந்தத்தில் வடக்கே திரும்பிக் கூடு கட்டுகிறது. பறக்கும் பூச்சிகளே இதன் உணவு.

இது இயல்பில் மரங்கொத்திகள் விட்டுச்சென்ற பொந்துகளில் கூடு கட்டிய பறவை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இன்றும் மரப்பொந்துகளிலும், அரிசோனா பாலைவனத்தில் சகுவாரோ கள்ளிச்செடியின் பொந்துகளிலும் கூடு கட்டுகிறது. ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே நிலைமை வேறு. அங்கு ஏறக்குறைய எல்லாப் பறவைகளும் மனிதர் வைக்கும் கூடுகளையே நம்பி வாழ்கின்றன. ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே அப்பகுதிப் பழங்குடி மக்கள் உலர்ந்த சுரைக்குடுக்கைகளில் துளையிட்டுக் கம்பங்களில் தொங்கவிட்டு இப்பறவைக்கு இடம் கொடுத்தனர். அந்த வழக்கம் இன்று பிளாஸ்டிக் குடுக்கைகளாகவும், அலுமினிய, மர வீடுகளாகவும் தொடர்கிறது.

ஒரு பறவையினம் இந்த அளவுக்கு மனிதரை நம்பி இருக்கும்போது, கூட்டை வைப்பதோடு பொறுப்பு முடிவதில்லை. நனைந்துபோன கூடு, இரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணிகள், இடத்தைப் பிடிக்கும் அயல் பறவைகள், கம்பத்தில் ஏறும் பாம்பு ஆகியவற்றைக் கீழே நின்று பார்த்துக் கண்டறிய முடியாது.

சோதனைக்கு ஏற்ற அமைப்பு

பாதுகாப்பான சோதனை கம்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்குகிறது. கூடுகள் பொதுவாக 3 முதல் 5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்துக்கு ஏணி வைத்து ஏறுவது ஆளுக்கும் ஆபத்து. ஒவ்வோர் அறையையும் முழுமையாகப் பார்க்கவும் வசதிப்படாது. எனவே கூடுகளைச் சாய்க்காமல் நேராக மேலும் கீழும் நகர்த்தக்கூடிய கம்பமே ஏற்றது. கயிறும் கப்பியும் கொண்டவை, கைப்பிடியைச் சுழற்றி இறக்கும் வின்ச் கொண்டவை, குழாய்க்குள் குழாய் நுழையும் கம்பங்கள் என மூன்று வகைகள் பரவலாக உள்ளன. அடியில் கீல் வைத்துப் பக்கவாட்டில் சாய்க்கும் கம்பங்கள் கூடு கட்டும் காலத்துக்குப் பொருந்தா. சாய்த்தால் முட்டைகள் உருண்டு உடையும், குஞ்சுகள் ஒரு மூலையில் குவியும்.

பிற தேவைகள் வருமாறு:

- ஒவ்வோர் அறைக்கும் தனிக் கதவு அல்லது மூடி. ஒன்றைத் திறக்கும்போது பக்கத்து அறை திறக்கக்கூடாது.
- ஒவ்வோர் அறைக்கும் குடுக்கைக்கும் கீழிருந்து படிக்கக்கூடிய எண்.
- ஏறத்தாழ 6 அங்குல அகலமும் 12 அங்குல ஆழமும் உள்ள அறை. 6 அங்குலச் சதுரமான பழைய அறைகளில் கூடு வாசலுக்கு மிக அருகில் அமைவதால் மழைநீரும் ஆந்தையின் கால்களும் எளிதில் எட்டும்.
- கம்பத்தில் பாம்பும் ரக்கூனும் ஏற முடியாதபடி தடுப்பு.
- மரங்களிலிருந்து குறைந்தது 40 அடி விலகிய திறந்த வெளி. மின்கம்பிகள் அருகில் இருக்கக்கூடாது.

கம்பத்திலும் கூட்டுத் தாங்கியிலும் ஒரே நேர்க்கோட்டில் வண்ண அடையாளம் இடுவது நல்லது. பறவைகள் தங்கள் அறையை அதன் இடத்தையும் திசையையும் வைத்தே அறிகின்றன. திரும்ப ஏற்றும்போது கூடு வேறு பக்கம் பார்த்துவிட்டால் அவை குழம்பி அயல் அறைகளுக்குள் நுழையும்.

எப்போது சோதிப்பது

பறவைகள் வந்து கூடு கட்டத் தொடங்கியதிலிருந்து ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை சோதிப்பது வழக்கம். நாள்தோறும் திறப்பது தேவையில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திறந்தால் எதையும் சரிசெய்யும் வாய்ப்புத் தவறிவிடும்.

நாளின் நேரமும் முக்கியம். பெண் பறவை நாளுக்கு ஒரு முட்டை வீதம் காலையில் இடுகிறது; அந்த வேளையில் தொந்தரவு செய்யக்கூடாது. மாலையில் தாமதமாக இறக்கினால் இருட்டுவதற்குள் பெரிய பறவைகள் அமைதியாக அறைக்குத் திரும்ப நேரமிருக்காது. முற்பகலின் பின்பகுதியிலிருந்து பிற்பகல் வரை உள்ள, வெயிலும் மிதமான வெப்பமும் கொண்ட நேரமே ஏற்றது.

மழை, பலத்த காற்று, குளிர் உள்ள நாட்களில் சோதனையைத் தள்ளிப்போட வேண்டும். வெப்பநிலை 10 பாகை செல்சியசை ஒட்டி இறங்கினால் பூச்சிகள் பறப்பது குறைந்துவிடும். பட்டினியில் இருக்கும் பறவைகளைக் கலைத்துப் பறக்கவிடுவது அவற்றின் எஞ்சிய வலுவையும் கரைக்கும். இறகு முளைக்காத குஞ்சுகளால் தம் உடல்வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. தாய் விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவை குளிரும்.

செய்முறை

1. தேவையானவற்றை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்: பதிவேடு, பேனா, கைவிளக்கு, சிறு கண்ணாடி, கையுறை, முகமூடி, உலர்ந்த மரச்சீவல், குப்பைப் பை, ஒரு வாளி, வாசலை அடைக்கத் துணித்துண்டுகள். கூட்டை இறக்கிய பிறகு எதையாவது தேடி வீட்டுக்குள் ஓடும் நிலை வரக்கூடாது.

2. நாய், பூனை ஆகியவற்றை வீட்டுக்குள் அடைக்க வேண்டும்.

3. கம்பத்தின் அருகே சென்று பேச்சுக் கொடுத்தோ, கம்பத்தை மெல்லத் தட்டியோ வருகையைத் தெரிவிக்க வேண்டும். அடைகாக்கும் பெண் பறவைகள் வெளியேறச் சற்று நேரம் கொடுக்க வேண்டும். பின்னர் கூடுகளை அதிர்வில்லாமல் மெதுவாக இறக்க வேண்டும்.

4. அறைகளை எண் வரிசையில் திறக்க வேண்டும். முதலில் ஓர் இடுக்கு மட்டும் திறந்து, தாய்ப்பறவை உள்ளே இருக்கிறதா, குஞ்சு கதவோரம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். தாய் எழாமல் உட்கார்ந்திருந்தால் அந்த அறையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

5. முட்டைகளை எண்ணுவதற்குக் கண்ணாடியும் விளக்கும் போதும். கையில் எடுக்க வேண்டியதில்லை. சில கூடுகளில் முட்டைகளின் மேல் பச்சை இலைகள் கிடக்கும். பறவைகளே கொண்டுவந்து போடுபவை அவை, அகற்றக்கூடாது.

6. ஒவ்வோர் அறையிலும் கண்டதை அப்போதே எழுத வேண்டும். பல அறைகளைப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து எழுதினால் எண்கள் மாறிப்போகும்.

7. எல்லாக் கதவுகளும் தாழிடப்பட்டதையும், வாசல்களில் துணி எதுவும் மிச்சமில்லாததையும் சரிபார்த்துவிட்டு, திசை அடையாளம் பொருந்துமாறு மீண்டும் ஏற்ற வேண்டும்.

அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். கூடுகள் அதிகமிருந்தால் ஒருவர் திறந்து சொல்ல மற்றொருவர் எழுதலாம். பெரிய பறவைகள் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்துவது இயல்பு. கூடு ஏறிய சில நிமிடங்களில் அவை திரும்பிவிடும்; திரும்பும்வரை தொலைவில் நின்று கவனிக்க வேண்டும்.

குஞ்சுகளின் வயதைக் கணக்கிடுதல்

ஓர் ஈட்டுக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு வெண்ணிற முட்டைகள் இருக்கும். ஈடு முடியும் தறுவாயில் பெண் பறவை அடைகாக்கத் தொடங்கி, ஏறத்தாழ 15 அல்லது 16 நாட்களில் குஞ்சுகள் பொரிக்கும். அவை 26 முதல் 32 நாள் வயதில் பறந்து வெளியேறும்.

நாளுக்கு ஒரு முட்டை என்பதால், இரண்டு சோதனைகளின் பதிவிலிருந்தே முழு அட்டவணையையும் போட்டுவிடலாம். எடுத்துக்காட்டாக, மே 20 பிற்பகல் ஓர் அறையில் 2 முட்டைகளும், மே 25 அன்று 5 முட்டைகளும் இருந்தன என்று கொள்வோம். முதல் முட்டை மே 19 அன்று இடப்பட்டது. அடுத்த சோதனையிலும் 5 முட்டைகளே இருந்தால் கடைசி முட்டை மே 23 அன்று இடப்பட்டது என்று கொள்ளலாம். குஞ்சு பொரிக்கும் நாள் ஜூன் 7 அல்லது 8. குஞ்சுகளுக்கு 22 நாள் நிறைவது ஜூன் 29 அளவில். அவை ஜூலை 3 முதல் 10 வரையுள்ள நாட்களில் பறக்கும். ஐந்து நாளுக்கு ஒருமுறை சோதிப்பவருக்கு இந்த அறையின் கடைசிச் சோதனை ஜூன் 24 ஆகும்.

பதிவு விடுபட்டுப்போனால் குஞ்சின் தோற்றத்தைக் கொண்டு வயதைத் தோராயமாக அறியலாம்:

- பொரித்த ஓரிரு நாள்: இளஞ்சிவப்புத் தோல், இறகில்லை, கண் மூடியிருக்கும்.
- ஏறத்தாழ ஒரு வாரம்: தோலுக்கடியில் இறகு முளைக்கும் தடங்கள் கருமையாகத் தெரியும்.
- ஏறத்தாழ பத்து நாள்: கண்கள் திறக்கத் தொடங்கும், சிறகில் உறையோடு கூடிய முள்ளிறகுகள் நீண்டிருக்கும்.
- ஏறத்தாழ இரண்டு வாரம்: உறைகளின் நுனி வெடித்து இறகுகள் விரியும்.
- மூன்று வாரம்: உடல் முழுதும் இறகு மூடியிருக்கும், கதவைத் திறந்தால் பின்வாங்கி ஒடுங்கும்.

எப்போது நிறுத்துவது

மூன்று வாரத்தைத் தாண்டிய குஞ்சு பறக்க முழுமையாகத் தயாராகாதது. ஆனால் பயந்தால் குதிக்கக்கூடியது. கூட்டை இறக்கும் அசைவும் கதவு திறக்கும் வெளிச்சமும் அதை வெளியே தள்ளிவிடும். புல்லில் விழுந்த குஞ்சு பூனைக்கோ பருந்துக்கோ இரையாகும்; பெற்றோர் அதைத் தரையில் வளர்ப்பது அரிது. எனவே குஞ்சுகளுக்கு 22 நாள் ஆன பிறகு அந்த அறையைத் திறக்கக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி.

ஒரே கம்பத்தில் பல வயதுக் குஞ்சுகள் இருப்பது வழக்கம். எல்லாக் கூடுகளும் ஒன்றாகவே இறங்குவதால், கம்பத்தில் எந்த அறையின் குஞ்சுகள் மூத்தவையோ அவற்றின் நாளே முழுக் கம்பத்துக்கும் எல்லையாகிறது. நோய்க்குறியோ ஒட்டுண்ணிப் பெருக்கமோ தெரிந்து இளைய கூடு ஒன்றைத் திறந்தே ஆகவேண்டிய நிலை வந்தால், மிக மெதுவாக இறக்கி, கைக்கெட்டியதும் முதலில் மூத்த குஞ்சுகள் உள்ள வாசல்களைத் துணியால் அடைக்க வேண்டும். பளிச்சென்ற நிறத் துணியைப் பயன்படுத்தி, எத்தனை வாசல்கள் அடைக்கப்பட்டன என்று எழுதி வைத்தால் எடுக்க மறக்காது. அடைத்த வாசலோடு ஏற்றிவிட்டால் உள்ளே இருப்பவை வெப்பத்திலும் பட்டினியிலும் இறந்துவிடும்.

ஒரு குஞ்சு குதித்துவிட்டால் பதறி ஓடித் துரத்தக்கூடாது. அது விழுந்த இடத்தைப் பார்த்து வைத்து, மெல்ல அணுகி, மென்துணியால் மூடி எடுத்து, அதன் அறையிலேயே விட வேண்டும். வாசலைச் சிறிது நேரம் அடைத்து வைத்தால் உள்ளே அமைதி திரும்பும். அடைத்த துணியில் நீண்ட நூல் கட்டியிருந்தால், கூட்டை மீண்டும் இறக்காமல் தரையிலிருந்தே இழுத்து எடுத்துவிடலாம். எந்த அறையிலிருந்து விழுந்தது என்று தெரியாதபோது, ஒத்த வயதுக் குஞ்சுகள் உள்ள அறையில் சேர்க்கலாம். தகைவிலான் பெற்றோர் அயல் குஞ்சையும் ஏற்று ஊட்டும்.

கூட்டை மாற்றுதல்

ஊதாத் தகைவிலான் சேறு, புல், சுள்ளி, இலை ஆகியவற்றால் கூடு கட்டுகிறது. மழைநீர் புகுந்தால் இந்தக் கூடு பல நாட்கள் ஈரமாகவே கிடக்கும். சிற்றுண்ணிகள், தெள்ளுப்பூச்சிகள், இரவில் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சும் ஈப்புழுக்கள் ஆகியவை அதற்குள் பெருகும். கூட்டின் மேல் சிறு புள்ளிகள் ஊர்வது, குஞ்சுகளின் தோலில் கொப்புளங்கள், வாசலோரம் குஞ்சுகள் நெருக்கியடித்து நிற்பது ஆகியவை இதன் அறிகுறிகள்.

அப்போது பழைய கூட்டை எடுத்துவிட்டு உலர்ந்த மரச்சீவலை இட வேண்டும். குஞ்சுகள் பத்து நாள் வயதைக் கடந்து இருபது நாளை எட்டாதிருக்கும் காலம் இதற்கு வசதியானது. குஞ்சுகளை மென்துணி விரித்த வாளியில் வைத்து நிழலில் மூடி வைக்க வேண்டும். அறையைச் சுரண்டித் துடைத்து, ஓரிரு அங்குல உயரத்துக்குச் சீவலை இட்டு, நடுவில் குழி செய்து குஞ்சுகளை அங்கே விட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கூட்டை மட்டும் மாற்றினால் குஞ்சுகள் கலந்துபோகா. எடுத்த கூட்டைக் கம்பத்தடியில் போடாமல் தொலைவில் அகற்ற வேண்டும்; அதன் வாசனை வேட்டை விலங்குகளை ஈர்க்கும். மரத்தூள் மூக்கிலும் கண்ணிலும் புகும் என்பதால் அதைப் பயன்படுத்துவதில்லை. பூச்சிக்கொல்லித் தூளையும் கூட்டில் தூவக்கூடாது.

இடம் பிடிக்கும் பறவைகள்

தமிழர் வீடுகளில் அன்போடு பார்க்கப்படும் சிட்டுக்குருவி வட அமெரிக்காவில் ஓர் அயலினம். 1850-களில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கொண்டுவந்து விடப்பட்டது. மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங் 1890-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் விடப்பட்டது. இரண்டும் கண்டம் முழுதும் பெருகி, பொந்துகளில் கூடு கட்டும் உள்ளூர்ப் பறவைகளின் இடத்தைப் பறிக்கின்றன, முட்டைகளைக் குத்தி உடைக்கின்றன, குஞ்சுகளைக் கொல்கின்றன.

சோதனையின்போது அடையாளம் காண்பது எளிது. தகைவிலான் முட்டை புள்ளியில்லாத வெள்ளை. சிட்டுக்குருவி முட்டையில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அதன் கூடு அறையை நிறைக்கும் புற்குவியலாக இருக்கும். ஸ்டார்லிங் முட்டை வெளிர் நீலம். ஆனால் மரத் தகைவிலான் என்ற உள்ளூர்ப் பறவையும் வெள்ளை முட்டையே இடும். அது சிறியது, கூட்டில் இறகு பரப்பியிருக்கும். அமெரிக்காவில் சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அவற்றின் கூடுகளை அகற்றலாம். மரத் தகைவிலான், ரென் போன்ற உள்ளூர்ப் பறவைகள் பாதுகாக்கப்பட்டவை. இனம் உறுதியாகத் தெரியாமல் எந்தக் கூட்டையும் தொடக்கூடாது.

வாசலை மாற்றுவது நிலையான தீர்வு. 2⅛ அங்குல வட்ட வாசலில் ஸ்டார்லிங் நுழைந்துவிடும். ஏறத்தாழ 3 அங்குல அகலமும் 1³⁄₁₆ அங்குல உயரமும் கொண்ட பிறை வடிவ வாசலில் தகைவிலான் உடலைத் தாழ்த்தி நுழையும். உயரமான மார்புடைய ஸ்டார்லிங் பெரும்பாலும் நுழைய முடியாது.

பார்ப்பவரின் பாதுகாப்பு

உலர்ந்த எச்சத்தின் தூசியில் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்னும் நுரையீரல் நோயை உண்டாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். கூட்டைச் சுரண்டும்போதும் பருவ முடிவில் கழுவும்போதும் முகமூடியும் கையுறையும் அணிந்து, எச்சத்தை முதலில் நீர் தெளித்து நனைத்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

காலியான அறைகளில் குளவி கூடு கட்டியிருக்கலாம். முகத்தைக் கதவுக்கு நேரே வைத்துத் திறக்கக்கூடாது. கயிறு நைந்திருக்கிறதா, வின்ச் பல் பிடிக்கிறதா, குழாய்க் கம்பத்தின் பூட்டு ஊசி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கயிறு அறுந்து கூடுகள் வேகமாக விழுந்தால் முட்டைகளோடு கீழே நிற்பவரின் தலையும் உடையும். இடி முழங்கும்போது உலோகக் கம்பத்தின் அருகே போகவே கூடாது.

சட்டமும் பதிவும்

அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் ஊதாத் தகைவிலானைப் பாதுகாக்கிறது. கனடாவிலும் இணையான சட்டம் உள்ளது. பறவையைப் பிடித்து வைத்தல், கொல்லுதல், முட்டையை எடுத்துச் செல்லுதல் ஆகியவை தண்டனைக்குரியவை. காலில் வளையம் இடுவதற்குத் தனி அனுமதி பெற வேண்டும். காயமுற்ற பறவையை உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பென்சில்வேனியாவில் இயங்கும் பர்ப்பிள் மார்ட்டின் கன்சர்வேஷன் அசோசியேஷன், வீட்டுத் தோட்டக்காரர்களின் சோதனைப் பதிவுகளைப் பிராஜெக்ட் மார்ட்டின்வாட்ச் என்ற திட்டத்தின் வழியாகத் திரட்டுகிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் நெஸ்ட்வாட்ச் திட்டம் எல்லா வகைப் பறவைக் கூடுகளுக்கும் இத்தகைய பதிவுகளை ஏற்கிறது. முதல் முட்டை எப்போது இடப்பட்டது, எத்தனை பொரித்தன, எத்தனை பறந்தன என்ற எளிய மூன்று தகவல்கள் பல இடங்களிலிருந்து சேரும்போது, இப்பறவையின் இனப்பெருக்கம் எங்கே செழிக்கிறது, எங்கே குன்றுகிறது என்பது தெரியவருகிறது.

கடைசிக் குஞ்சும் பறந்த பிறகும் சில நாட்கள் அவை இரவில் அறைக்குத் திரும்பக்கூடும். கம்பம் முழுதும் காலியானது உறுதியான பின்னரே கூடுகளை இறக்கி, பழைய கூட்டுப் பொருட்களை அகற்றி, கழுவி உலர்த்தி, அடுத்த வசந்தம் வரை வாசல்களை அடைத்தோ கூடாரத்தில் எடுத்து வைத்தோ பாதுகாக்க வேண்டும்.